பாதம் எந்த டாக்டருக்குச் சொந்தம்?

(நகர நூலக வாசகர் வட்டத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் எலும்பு மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எலும்பு டாக்டர் பேச வருகிறார் என்றதும், மூட்டு வலிக்கு என்ன சாப்பிடலாம், எந்தத் தைலம் தேய்க்கலாம் என்று சொல்வார் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் ஒரு கோர்ட்டு வழக்கிலிருந்து தொடங்குகிறேன்.

வழக்கு நடந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில். அங்கே பொடியாட்ரிஸ்ட் என்று ஒரு வகை மருத்துவர் உண்டு. பாத மருத்துவர் என்று சொல்லலாம். அவர் பாதத்துக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று மாநிலச் சட்டம் அனுமதித்தது. ஆனால் பாதம் என்றால் எதுவரை என்று சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்கு உரிமம் வழங்கும் வாரியம் 2001இல் தானே ஒரு விதி எழுதிக்கொண்டது. கெண்டைக்காலின் இரண்டு எலும்புகளும் கணுக்காலில் வந்து சேர்கிற இடம் தொடங்கி விரல் நுனி வரை, அங்கே வந்து பிடித்துக்கொள்ளும் தசை, நரம்பு, இரத்தக் குழாய் எல்லாம் சேர்த்துப் பாதமே என்றது அந்த விதி. எலும்பு மருத்துவர்கள் சங்கம் கொதித்துப் போய் வழக்குத் தொடுத்தது. கணுக்கால் எங்கள் எல்லை, அதை எப்படி நீங்கள் பட்டா போட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் கட்சி. வருடக்கணக்கில் இழுத்து, 2008இல் ஆஸ்டின் நகரத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

படித்த பெரிய மனிதர்கள் கணுக்காலுக்காக இப்படி அடித்துக்கொண்டார்களே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான் வந்தது. அங்கே ஒரு பாதத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். நம் ஊரில் பாதத்தை இது என்னுடையது என்று சொல்ல ஒரு டாக்டர்கூட இல்லை. எலும்பு டாக்டர் தோல் டாக்டரிடம் அனுப்புவார். அவர் சுகர் டாக்டரிடம் அனுப்புவார். அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, புண் ஆறாவிட்டால் சர்ஜனைப் பாருங்கள் என்பார். சர்ஜன் பார்க்கும்போது பெரும்பாலும் விரல் கறுத்துப் போயிருக்கும். இன்று பேசப்போவது இதைப் பற்றித்தான்.

முதலில் இந்த இரண்டு மருத்துவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் எலும்பு மருத்துவராக வேண்டுமானால், பட்டப்படிப்பு முடித்து நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரி, பிறகு ஐந்து ஆண்டு மருத்துவமனையில் பயிற்சி. பாதமும் கணுக்காலும் மட்டுமே பார்ப்பேன் என்பவர் இன்னும் ஓராண்டு கூடுதலாகப் படிப்பார். பொடியாட்ரிஸ்ட் வேறு வாசல் வழியாக வருகிறார். அவருக்கென்று தனிக் கல்லூரி, நான்கு ஆண்டுப் படிப்பு, டி.பி.எம். என்ற தனிப் பட்டம், அதன்பின் மூன்று ஆண்டுப் பயிற்சி. அவர் சேர்ந்த நாளிலிருந்தே பாதத்தைக் குறி வைத்துப் படிக்கிறவர். நாங்கள் உடம்பு முழுவதையும் படித்து, எலும்புக்கு வந்து, முழங்காலையும் இடுப்பையும் தாண்டி, கடைசியில் பாதத்துக்கு வந்து சேர வேண்டியவர்கள். பாதிப் பேர் முழங்காலிலேயே தங்கிவிடுகிறோம். (சிரிப்பு)

பிரிட்டனில் கதை வேறு. அங்கே பொடியாட்ரிஸ்ட் பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட மருத்துவத் துறைப் பணியாளர், எம்.பி.பி.எஸ். மாதிரியான மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்ல. அறுவை சிகிச்சைக்கென மேற்பயிற்சி பெற்றவர் அவர்களிலும் சிலர் உண்டு. லண்டனில் மகன் வீட்டுக்குப் போய்த் தங்கியவர்கள் கவனித்திருப்பீர்கள். சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், காலைச் சோதிப்பதற்கென்றே தனியாக நாள் குறித்து வீட்டுக்குக் கடிதம் போடுவார்கள். அங்கே போனால் ஒரு பெண்மணி கையுறை மாட்டிக்கொண்டு, பத்து விரலின் இடுக்கையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். நகத்தை வெட்டிவிடுவார். ஊருக்குத் திரும்பி வந்த ஒரு தாத்தா, என் காலை என் பெண்டாட்டிகூட இப்படிப் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னார்.

வித்தியாசத்தை இப்படிச் சொல்லலாம். பொடியாட்ரிஸ்டின் எல்லை சிறியது. ஆனால் அந்த எல்லைக்குள் இருக்கிற அனைத்தும் அவர் பொறுப்பு. தோல், நகம், கால் ஆணி, பித்த வெடிப்பு, விரலிடுக்குப் பூஞ்சை, சதைக்குள் குத்தி வளரும் நகம், சர்க்கரைப் புண், செருப்புக்குள் வைக்கும் தனி அட்டை, நடையின் கோணல் எல்லாம். அமெரிக்காவிலானால் விரல் எலும்பை நேராக்கும் அறுவை சிகிச்சையும் செய்வார். எலும்பு டாக்டரின் எல்லை கழுத்து முதல் கால் விரல் வரை விரிந்து கிடக்கிறது. ஆனால் எலும்பும் மூட்டும் அதை ஆட்டி வைக்கிற தசையும் தசைநாரும்தான் அவர் வேலை. தோலும் நகமும் அவர் கணக்கில் வராது. இதில் யார் பெரியவர் என்பதற்கு இடமே இல்லை. ஒருவர் உறுப்பை வைத்துப் பிரித்தவர், இன்னொருவர் திசுவை வைத்துப் பிரித்தவர்.

நம் ஊர் எலும்பு டாக்டரின் படிப்பையும் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டு, அதன்மேல் எம்.எஸ். ஆர்த்தோ மூன்று ஆண்டு. டி.என்.பி., டி.ஆர்த்தோ என்று வேறு வழிகளும் உண்டு. பெயர்ப் பலகையில் எழுத்துகள் நிறைய இருந்தால் மயங்க வேண்டாம். இந்த மூன்றில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அவரிடம் எதற்கெல்லாம் போகலாம்? எலும்பு முறிவு, மூட்டு நழுவல், ஜவ்வு கிழிதல், முழங்கால் தேய்மானம், முதுகுத்தண்டின் வட்டு பிதுங்கிக் காலுக்கு வலி இறங்குதல், எலும்புக்குள் சீழ், எலும்புக் கட்டி, பிறவியிலேயே கோணலான கை கால் இவையெல்லாம் எங்கள் பாடு. முதுகெலும்பில் காச நோய் வரும் என்பது பலருக்குத் தெரியாது. பெர்சிவல் பாட் என்ற லண்டன் சர்ஜன் 1779இலேயே விவரித்த நோய் அது, நம் நாட்டில் இன்றும் பார்க்கிறோம். மாதக்கணக்கில் முதுகு வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல் மூன்றும் சேர்ந்து வந்தால் பாம் தடவிக்கொண்டிருக்காதீர்கள். காலையில் எழுந்ததும் கைவிரல் மூட்டுகள் இரண்டு பக்கமும் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால், அது பெரும்பாலும் முடக்குவாதம். அதற்கு முதலில் வாத நோய் நிபுணரிடம் போக வேண்டும். எங்களிடம் வந்தால் நாங்களே அனுப்பிவிடுவோம், அனுப்ப வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிகிற பாட்டிகளைப் பற்றி. குடும்பம் கூடிப் பேசும். வயசாச்சு, இனிமே எதுக்கு ஆபரேஷன், கட்டிலில் படுத்தே இருக்கட்டும் என்பார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வயதில் படுத்த படுக்கைதான் ஆபத்து. முதுகில் படுக்கைப்புண், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா, காலில் இரத்த உறைவு என்று வரிசையாக வந்து நிற்கும். முடிந்தால் இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி உட்கார வைத்துவிட வேண்டும் என்பதுதான் இன்று உலகம் முழுதும் உள்ள நடைமுறை. எண்பது வயதுக்கு ஆபரேஷனா என்று கேட்காதீர்கள். எண்பது வயது என்பதால்தான் ஆபரேஷன்.

கட்டுப் போடுகிற வைத்தியர்களைப் பற்றியும் கேட்பீர்கள். ஆந்திராவின் புத்தூர்க் கட்டு நம் வட மாவட்டங்களில் எத்தனை பிரபலம் என்று எனக்குத் தெரியும். விலகாத விரிசல் எலும்பு யார் கட்டினாலும் கூடிவிடும். எலும்பு தானாகவே கூடும், நாங்களும் அதைத்தான் நம்பியிருக்கிறோம். பயப்பட வேண்டியது இறுக்கமான கட்டுக்கு. அதுவும் சிறு பிள்ளைகளின் முழங்கை முறிவில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று, கை ஆயுளுக்கும் மடங்கிப் போகும். கட்டு யார் போட்டதாக இருந்தாலும் சரி, நான் போட்டதாகவே இருந்தாலும் சரி, விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ வலி தாங்காமல் பிள்ளை அலறினாலோ விடியும்வரை காத்திருக்காமல் பிரித்துவிட்டு வாருங்கள்.

எலும்பு மருத்துவம், பாத மருத்துவம் என்ற இந்த இரண்டு தொழில்களும் வளர்ந்த விதமும் சுவையானது. பாரிஸில் நிக்கோலா ஆன்ட்ரி என்ற பேராசிரியர் 1741இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, பிள்ளைகளின் உடல் கோணல்களைத் தடுப்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எங்கள் துறைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அந்த நூலிலிருந்து வந்தது. கோணலாக வளரும் மரத்தை முளையில் கட்டி நிமிர்த்தும் படம் ஒன்று அதில் இருக்கும். இன்றும் பல நாட்டு எலும்பு மருத்துவர் சங்கங்களின் சின்னம் அதுதான். டச்சு இராணுவ சர்ஜன் மத்தைசன் 1850களின் தொடக்கத்தில் மாவுக்கட்டைக் கண்டுபிடித்தார். ரான்ட்கன் 1895இல் எக்ஸ்ரே கொடுத்தார். ஜான் சார்ன்லி 1960களில் இங்கிலாந்தில் இடுப்பு மூட்டு மாற்றை நிலைநாட்டினார். இப்படிப் போர், எக்ஸ்ரே, உலோகம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

பாத மருத்துவர்களின் முன்னோர்கள் தெருவில் கால் ஆணி வெட்டியவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஐசக்கார் சகரி என்ற கால் ஆணி வைத்தியர் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் பாதங்களுக்கு வைத்தியம் பார்த்தார். லிங்கன் அவருக்குத் தம் கைப்பட நற்சான்று எழுதிக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை, அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு இரகசியத் தூதராகவும் அனுப்பினார். காலைப் பிடித்தவருக்குக் கிடைத்த பதவியைப் பாருங்கள்! நியூயார்க்கில் 1895இல் அவர்களுக்குச் சங்கம் உருவானது, 1911இல் கல்லூரி வந்தது. தெருவில் இருந்த கைத்தொழில் ஒரு தலைமுறைக்குள் படிப்பாகிவிட்டது.

நம் ஊரிலும் அந்தக் கைத்தொழில் இருந்தது. நாவிதர் நகம் எடுப்பார், முள் எடுப்பார், சீழ் கட்டியைக் கீறுவார். ஆனால் அது படிப்பாக மாறவில்லை. சாதியின் கணக்கில் கீழே வைத்த வேலையைக் கல்லூரிக்குள் அழைக்க நாம் தயாராக இல்லை. காலைத் தொடுவது ஒன்று மரியாதை, இல்லையென்றால் இழிவு என்று நமக்கு இரண்டே நிலைகள். நடுவில் காலைத் தொட்டுச் சோதிப்பது என்று ஒரு தொழில் இருக்கலாம் என்பதே நம் மனத்தில் படியவில்லை. இது என் கருத்து, மறுப்பவர்கள் மறுக்கலாம். அமெரிக்காவில் உள்ளது போன்ற கல்லூரியும் பதிவுமுறையும் கொண்ட தனித் தொழிலாக இது இங்கே வேரூன்றவில்லை என்பது மட்டும் உண்மை. இப்போது நகரங்களில் பொடியாட்ரி என்று பலகை வைக்கிறார்கள். உள்ளே இருப்பவர் மேற்பயிற்சி பெற்ற சர்ஜனாக இருக்கலாம், குறுகிய காலப் பயிற்சி பெற்ற வேறு யாராகவும் இருக்கலாம். அடிப்படைப் படிப்பு என்ன என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் காலைக் கொடுக்க வேண்டாம்.

சரி, இப்போது பாதத்துக்கு வருவோம். உடம்பில் 206 எலும்புகள், அதில் 52 இரண்டு பாதங்களில் மட்டும். கால்வாசி எலும்புகள் நாம் மிதித்துக்கொண்டு நிற்கிற அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

அங்கே வருகிற தொல்லைகளில் பாதிக்குக் கத்தியும் வேண்டாம், பயமும் வேண்டாம். படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும், நடக்க நடக்கக் குறையும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முள் போல வளர்ந்திருக்கிறது என்பார்கள். வலிக்குக் காரணம் பெரும்பாலும் அந்த முள் அல்ல, உள்ளங்காலில் ஓடுகிற பட்டை போன்ற தசைநார். முள்ளே இல்லாதவர்களுக்கும் வலிக்கிறது, முள் உள்ள பலருக்கு வலியே இல்லை. கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, மெத்தென்ற செருப்பு, பொறுமை மூன்றும் போதும். அநேகருக்கு ஓராண்டுக்குள் அடங்கிவிடும். பிள்ளைக்குத் தட்டைப் பாதம் என்று பதறி வருகிற தாய்மார்களுக்கும் ஒரு சோதனை சொல்கிறேன். பிள்ளையை முன்னங்காலை ஊன்றி எக்கி நிற்கச் சொல்லுங்கள். உள்ளங்காலில் வளைவு தோன்றினால், வலியும் இல்லையென்றால், விலை உயர்ந்த ஷூ எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் பிறந்த குழந்தையின் பாதம் உள்பக்கமாகத் திரும்பி மடிந்திருந்தால் அது வேறு, அதற்குக் காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் அயோவாவில் இக்னாசியோ போன்செட்டி உருவாக்கிய முறையில், வாரம் ஒரு மாவுக்கட்டாக மாற்றி மாற்றிப் போட்டு, குதிகால் தசைநாரில் ஒரு சிறு வெட்டு வைத்து நேராக்கிவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள். பிறகு நாலு வயது வரை இரவில் மாட்ட வேண்டிய காலணியைத்தான் பெற்றோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விட்டால் மறுபடியும் திரும்பிக்கொள்ளும்.

கணுக்கால் மடங்கினால் உடனே எக்ஸ்ரேவா? அதற்கும் 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் ஒரு விதி வகுத்தார்கள். அடிபட்ட உடனேயும், டாக்டரிடம் வந்த பிறகும், நொண்டியாவது நான்கு அடி வைக்க முடிகிறதா, கணுக்கால் முட்டிகளின் பின்விளிம்பிலும் பாதத்தின் நடுப்பகுதி எலும்புகளிலும் அழுத்தினால் வலி இல்லையா, அப்படியானால் முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. இது டாக்டர்களுக்கான விதி. சர்க்கரையால் கால் மரத்துப் போனவர்களுக்கு இதை நம்பக் கூடாது. அவர்கள் முறிந்த காலோடும் நடப்பார்கள்.

அந்த மரத்துப் போன காலைப் பற்றித்தான் மீதி நேரம் முழுவதும்.

முழங்கால் வலி என்று ஒரு ஆட்டோ ஓட்டுநர் என்னிடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கட்டிலில் படுக்க வைத்து முழங்காலை மடக்கிப் பார்த்தேன். பாதத்தைத் திருப்பினால், உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே மேடான இடத்தில் வட்டமாக ஏதோ பளபளத்தது. நோட்டீஸ் போர்டில் குத்துகிற டிராயிங் பின். தலை வரை இறங்கியிருந்தது. சுற்றிலும் தோல் வெளுத்து ஊறிப்போய், அழுத்தினால் சீழ் வந்தது. எப்போது குத்தியது என்று கேட்டேன். என்ன குத்தியது என்று திருப்பிக் கேட்டார். அவருக்குத் தெரியவே தெரியாது. அன்று காலையும் அந்தக் காலால்தான் பிரேக் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தால் நீளமான நரம்புகளின் நுனி முதலில் கெடும். உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவது. அதனால் மரத்துப் போவது விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். வலி தெரியாத கால் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தாலும் நடையை மாற்றிக்கொள்ளாது. உங்களுக்கும் எனக்கும் ஒரு கல் உறுத்தினால் தெரியாமலே காலைச் சாய்த்து நடப்போம். அவர் சாய்க்க மாட்டார். அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மிதிக்கிறார். தோல் தடித்து, அடியில் இரத்தம் கட்டி, பிறகு வெடித்துப் புண்ணாகிறது. இரத்தக் குழாயும் அடைத்திருந்தால் ஆறாது. சர்க்கரைக்காரருக்குப் புண் ஆறாது என்று பொதுவாகச் சொல்கிறோம். புண்மேல் நடப்பதை நிறுத்தினால் பல புண்கள் ஆறும். இதைக் கண்டுபிடித்த கதை நம் மண்ணோடு சேர்ந்தது.

பால் பிராண்ட், 1914இல் நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் சர்ஜனாகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போன இடத்தில், மடங்கிப் போன கைகளையும் தேய்ந்த பாதங்களையும் பார்த்தார். இத்தனை பேர் இருக்கிறார்கள், இவர்களை ஏன் எந்த எலும்பு டாக்டரும் தொடவில்லை என்பது அவர் கேள்வி. நோயே விரலைத் தின்கிறது என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் கூர்ந்து பார்த்து, இல்லை என்றார். வலி தெரியாததால் காயம் படுகிறது, காயத்தின்மேலேயே வேலை செய்கிறார்கள், தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரிவதில்லை, அப்படித்தான் விரல் போகிறது என்று காட்டினார். தசைநாரை இடம் மாற்றித் தைத்து, தொங்கிப் போன பாதத்தை மறுபடி நிமிர வைத்தார்கள் அவரும் அவர் கூட்டாளிகளும். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் செருப்புத் தைப்பவர்களோடு உட்கார்ந்து, நுண்துளை ரப்பரில் மெத்தென்ற செருப்பு செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சொல்கிறோமே, அதுதான். ஒரு சர்ஜன் ரப்பரின் கடினத்தை அளந்துகொண்டிருந்தார் என்பதை எங்கள் மாணவர்களுக்கு நான் மறக்காமல் சொல்வதுண்டு.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். இலங்கையில், 1930களில், மில்ராய் பால் என்ற சர்ஜன் தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்ணுக்குப் பாதம் முழுவதையும் ஒட்டிப் பிடிக்கிற மாவுக்கட்டுப் போட்டு நடக்க விட்டார். புண்ணுக்கு மேலே மாவுக்கட்டா என்று கேட்பீர்கள். அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பாதம் முழுதும் பரவிவிடுகிறது, புண் ஆறுகிறது. பிராண்ட் அந்த முறையைக் கைக்கொண்டு, 1960களின் நடுவில் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது கூடவே கொண்டுபோனார். அங்கிருந்து அது சர்க்கரை நோயாளிகளுக்குப் போனது. உள்ளங்கால் புண்ணுக்கு இதைவிட உறுதியான சிகிச்சை குறைவு என்று இன்றும் சொல்கிறார்கள், ஒழுங்காகப் போட்டால் ஆறெட்டு வாரத்தில் பெரும்பாலான புண்கள் மூடிக்கொள்ளும். இன்று அமெரிக்கப் பொடியாட்ரிஸ்ட் கையில் இருக்கிற சிறந்த ஆயுதம் கொழும்பிலிருந்தும் வேலூரிலிருந்தும் போனது. நம் ஊர் நோயாளிக்கு மட்டும் அதைப் போட ஆள் கிடைப்பதில்லை. தினமும் டிரெசிங் மாற்றுகிறார்கள், புண்மேலேயே நடந்து வந்து மாற்றிக்கொண்டு போகிறார்.

மரத்துப் போன காலில் இன்னொரு கேடும் வரும். ஒரு நாள் திடீரென்று பாதம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடும். வலி அதிகம் இருக்காது, புண்ணும் இருக்காது. சுளுக்கு என்பார்கள், நீர் என்பார்கள், கிருமி என்று ஊசி போடுவார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேவிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும். சார்கோ பாதம் என்று பெயர். பிரான்சின் சார்கோ 1868இல் வேறொரு நோயில் இதை விவரித்தார், சர்க்கரையோடு இதற்குள்ள தொடர்பு 1936இல்தான் தெரிந்தது. உடனே மாவுக்கட்டுப் போட்டு, ஊன்றாமல் மாதக்கணக்கில் வைத்தால் பாதம் தப்பும். நடந்துகொண்டே இருந்தால் உள்ளங்கால் வளைவு கவிழ்ந்து படகின் அடிபோல் ஆகிவிடும், பிறகு அந்த மேட்டில் புண் வரும். சர்க்கரை உள்ளவரின் ஒரு பாதம் மட்டும் சுட்டால், அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் வாருங்கள். இதில் பொடியாட்ரிஸ்டா எலும்பு டாக்டரா என்ற கேள்விக்கு நேரமில்லை.

மரத்துவிட்டதா என்று கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். நைலான் இழை ஒன்று இருக்கிறது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு உள்ளங்காலில் சில இடங்களில் தொடுவோம். தெரிகிறதா என்று கேட்போம். இரண்டு நிமிட வேலை. கூடவே பாத நாடியைத் தொட்டுப் பார்ப்போம். வருடம் ஒரு முறையாவது சர்க்கரை உள்ள ஒவ்வொருவருக்கும் இது நடந்தாக வேண்டும்.

நடக்கிறதா? கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம். நாற்காலியில் உட்கார்ந்ததும் கால் மேசைக்கு அடியில் போய்விடுகிறது. டாக்டர் சர்க்கரை எண்ணைப் பார்க்கிறார், மருந்து எழுதுகிறார். கால் வெறுமனே இருக்கிறது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை. செருப்பு வெளியே கிடக்கிறது, அதையும் யாரும் பார்ப்பதில்லை. நோயாளியின் செருப்பைப் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பேன். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, விரல் எங்கே பள்ளம் பறித்திருக்கிறது, ஆணி ஏதாவது நிற்கிறதா என்று அது எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். மரத்துப் போனவர்களுக்குப் பெருவிரல் வார் வைத்த செருப்பு நடக்கும்போதே கழன்று போகும், பத்தடி தாண்டித்தான் தெரியும். பின்னால் வார் உள்ள செருப்புத்தான் அவர்களுக்கு ஏற்றது.

ஆன்மிக அன்பர்களும் இங்கே இருப்பீர்கள். மத்தியான வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல், திருவண்ணாமலை கிரிவலத்தின் பதினான்கு கிலோமீட்டர், பழநிப் பாதயாத்திரை. மரத்த காலோடு வெறுங்காலில் போய்விட்டு, கொப்பளம் பழுத்து வருகிறவர்களைப் பார்க்கிறோம். விடியற்காலையில் போங்கள், கெட்டியான சாக்ஸாவது போடுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். கால் ஆணிக்குச் சவர பிளேடு எடுக்காதீர்கள். மருந்துக் கடையில் விற்கும் கால் ஆணிப் பட்டையில் தோலை அரிக்கும் அமிலம் இருக்கிறது, சர்க்கரை உள்ளவர்கள் தொடவே கூடாது. மரத்த காலைச் சுடு தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். கொதிக்கிறதா என்று அந்தக் காலுக்குத் தெரியாது.

பாத மருத்துவர் என்ற தொழில் இங்கே என்றைக்கு வருமோ, அதுவரை அவர் செய்ய வேண்டிய வேலையில் முக்கால் பங்கை நாமே செய்துகொள்ளலாம். தினமும் இரவு படுக்கப் போகும்முன் பாதத்தை, விரலிடுக்கு உட்பட, வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை சுகர் டாக்டரிடம் போகும்போது, அவர் மருந்துச் சீட்டை எழுதி முடிக்கும் முன், டாக்டர், என் காலைக் கொஞ்சம் பாருங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நேரமில்லை என்று சொன்னால், நேரம் இருக்கிற டாக்டரைத் தேடுங்கள்.